நான் குடியேறி வேஷம் போட்ட புதன்கிழமை

பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தில் தகப்பன்மார் மூக்கை நுழைக்கக் கூடாது என்று யாராவது ஒரு சட்டம் கொண்டுவந்தால், ஆதரித்து முதல் கையை நான் தூக்குவேன். கணக்குப் பாடத்தில் நுழைத்தால் ஒரு மதிப்பெண் போகும், அத்தோடு முடிந்துவிடும். நான் நுழைத்தது ஆங்கிலப் பாடத்தில். அதன் பலனாக, முந்நூறு பேர் நிறைந்த ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில், ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு தொங்கிய ஒட்டுத்தாடியோடு, மூக்கு ஒழுக நின்றேன். கைதட்டல் அடங்கவே இல்லை.

அது இரண்டாயிரத்துச் சொச்சம். (வருஷத்தைச் சரியாகச் சொல்லாதீர்கள், என் வயதைக் கணக்குப் போட்டுவிடுவார்கள் என்பது மகளின் உத்தரவு.) ஷார்ஜாவில் ரோலாவுக்குப் பக்கத்தில், லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாத ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் குடியிருந்தோம். நான், என் மனைவி செல்வி, ஆறாம் வகுப்பு படித்த எங்கள் மகள் நிவேதா. ஏ.சி. உதிரிபாகங்கள் விற்கிற ஒரு கம்பெனியில் எனக்கு ஸ்டோர்கீப்பர் வேலை. நட்டு, போல்ட்டு, கம்ப்ரஸர் என்று தகரக்கூரைக்கடியில் அடுக்கி வைத்திருப்போம். ஊருக்கே குளிர்ச்சி தருகிற அந்த ஸ்டோரில் ஏ.சி. கிடையாது. ஒரு ஃபேன் இருந்தது. அதுவும் மேனேஜர் அறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். அப்பா முப்பது வருஷம் ரைஸ் மில்லில் இஞ்சின் ஓட்டியவர். மில் சத்தம் அவருடைய இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டது. போனில் அவரோடு பேசுவது தனி அனுபவம். "அப்பா, உடம்பு எப்படி இருக்கு?" என்று நான் கத்துவேன். "ஆமாடா, மழையே இல்ல" என்பார். அம்மா பிடுங்கி, "நல்லா இருக்காருப்பா, நல்லா இருக்காரு" என்று முடித்துவைப்பாள். அதனால், ரோலாவில் அத்தனை பேரும் போன் கார்டைச் சுரண்டிக்கொண்டிருந்த காலத்தில், நான் மட்டும் மாதம் தவறாமல் அப்பாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அவரும் பதில் போடுவார். நான்கே வரி. நான்காவது வரி எப்போதும் ஒன்றுதான்: 'எப்போது வருகிறாய்?'

என் கடிதங்களைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவை பொய். முழுப் பொய் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் பாலிஷ் போட்டவை. 'வேலை லேசானது. எந்நேரமும் ஏ.சி.க்கு நடுவில்தான் இருக்கிறேன்' என்று எழுதுவேன். (ஏ.சி.க்கு நடுவில்தானே இருந்தேன்? அது ஓடியதா என்று அவர் கேட்கவில்லை.) 'வெள்ளிக்கிழமை தோறும் கறிச்சோறு. முதலாளி என்னைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை.' முதலாளியை நான் அதுவரை இரண்டு முறை பார்த்திருந்தேன். ஒருமுறை அவருடைய கார் மட்டும்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு நாள் சாயங்காலம் நிவேதா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளோடு வந்தாள்.

"அப்பா, பழைய காலத்துல கப்பல்ல ஏறி வேற நாட்டுக்குப் போய் காலனி கட்டினாங்களே, செட்டிலர்ஸ். நீ ஒரு செட்டிலர்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்கு லெட்டர் எழுதணும். மிஸ் சொல்லிட்டாங்க."

"எழுதும்மா."

"என்ன எழுதறது? நான் யாருக்கும் லெட்டரே எழுதினதில்லையே. நீங்கதான தாத்தாவுக்கு எழுதறீங்க?"

அங்கே மூக்கை நுழைத்தேன். அன்றுதான் அப்பாவுக்கு எழுதி முடித்த கடிதம் மேசைமேல் இருந்தது, உறையில் போட வேண்டியதுதான் பாக்கி. நிவேதாவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. "இரு, நான் படிக்கிறேன், கேட்டுக்க. மாதிரிக்கு வச்சுக்கலாம்" என்று, பெரிய எழுத்தாளன் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

அடுப்படியில் செல்வி சப்பாத்தி போட்டுக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து என் கடிதத்தை அப்படியே கப்பலேற்றினோம். விசா கொடுத்த முதலாளியை, அதாவது கஃபீலை, கவர்னராக்கினோம். வெள்ளிக்கிழமைக் கறிச்சோறு, காட்டில் வேட்டையாடிய மான் ஆனது. ஏ.சி. காற்று என்பது கடல்காற்று. துபாய் பஸ் குதிரைவண்டி. மேல்மாடிக்காரர்கள் ராத்திரி பகலாக நாற்காலியை இழுக்கிற சத்தத்தை நான் கடிதத்தில் எழுதவில்லை, ஆனாலும் நிவேதா அதைக் கரடியாக்கிச் சேர்த்துக்கொண்டாள்.

நடுவில் சந்தேகம் வந்துவிட்டது அவளுக்கு.

"அப்பா, நாமளும் செட்டிலர்ஸா?"

"இல்லம்மா. நம்ம விசா மூணு வருஷம்."

"அவங்க அங்க இருந்தவங்களோட நிலத்தைப் பிடுங்கிக்கிட்டாங்களாம். மிஸ் சொன்னாங்க. நாம யாரோடதையாவது பிடுங்கினோமா?"

"நமக்கு பஸ்ல சீட்டே கிடைக்க மாட்டேங்குது" என்றாள் செல்வி அடுப்படியிலிருந்து.

"அவங்க திரும்பி ஊருக்குப் போனாங்களா?"

அவளே தாளைப் பார்த்துச் சொன்னாள். நிறையப் பேர் போகவில்லையாம். அப்பா அம்மாவைத் திரும்பப் பார்க்காமலே இருந்துவிட்டார்களாம்.

"பாவம், அப்ப பிளேன் கிடையாதுல்ல. நமக்கு நாலு மணி நேரம். நெனச்சா போய் நின்னுடலாம்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன பொய்களில் இது ஒன்றுதான் பொய் என்று தெரியாமல் சொன்னது.

கடிதத்தின் கடைசியில், அப்பாவின் கண் புரைக்கு ஆபரேஷன் செய்வதைப் பற்றி எழுதியிருந்தேன். 'தனியாகப் போக வேண்டாம். ஜூலையில் நான் வந்து கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.' நிவேதா அதையும் விடவில்லை. அந்தக் காலத்தில் கண் ஆஸ்பத்திரி இருந்ததா என்று பத்து நிமிஷம் யோசித்து, 'கண் வைத்தியரிடம்' என்று மாற்றிக்கொண்டாள். "வேற வார்த்தை மாத்தணும்னா பார்த்துக்கறேன்பா" என்று என் கடிதத்தையும் மடித்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அது அங்கேயே இருந்துவிட்டது. தினமும் காலையில், இன்று வாங்கித் தபாலில் போட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். சாயங்காலம் மறந்துவிடுவேன். பத்து நாள் இப்படியே போனது.

அதற்குள் பள்ளிக்கூடத்தில் விஷயம் பெரிதாகிவிட்டது. நல்ல கடிதங்களைத் தேர்ந்தெடுத்து, பெற்றோரே குடியேறி வேஷத்தில் மேடையேறிப் படிக்க வேண்டுமாம். கடிதத்தைப் பெறுகிறவராகப் பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கும். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. நிவேதாவின் கடிதம் தேறிவிட்டது. கண் வைத்தியர் வருகிற இடத்தில் மிஸ் நட்சத்திரம் போட்டிருந்தாராம்.

"பேரன்ட் வரலைன்னா பேரை எடுத்துடுவாங்க" என்றாள். அதற்கு முன் இரண்டு முறை, ஒரு தடவை டான்ஸிலும் ஒரு தடவை மாறுவேடத்திலும், நான் டியூட்டி என்று போகாமல் அவள் பெயரை எடுத்திருந்தார்கள். அதை அவள் சொல்லிக்காட்டவில்லை. காலண்டரில் புதன்கிழமையைச் சிவப்பு மையால் மூன்று சுற்றுச் சுற்றினாள். அது போதாதா?

வேஷத்துக்கு அலைந்த கதையைத் தனியாக எழுத வேண்டும். ரோலாவில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில், குழந்தைகளைப் படமெடுக்க வைத்திருந்த விளிம்புத் தொப்பியை இரவல் வாங்கினேன். அது என் தலையில் உட்காரவில்லை, மிதந்தது. நண்பர் ஒருவர் தான் வேலை பார்த்த ஹோட்டலின் யூனிபார்ம் கோட்டைக் கொடுத்தார், நெஞ்சில் ஹோட்டல் பெயரோடு. செல்வி அதன்மேல் ஒரு துணிப் பூவைக் குத்தினாள். காலுக்கு என் சேஃப்டி ஷூ. தாடி மட்டும் கடையில் வாங்கியது. செம்பட்டை நிறம், இரண்டு காதிலும் மாட்டுகிற எலாஸ்டிக். அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். எந்த நாட்டிலும் என்னை இறக்கியிருக்க மாட்டார்கள்.

ஸ்டோரில் வேலை குறைந்த நேரத்தில் அட்டைப்பெட்டிகளைப் பார்த்து ஆங்கிலத்தில் படித்துப் பழகினேன். எங்கள் லாரி டிரைவர், பெஷாவர்க்காரர், வாசலில் நின்று கேட்டுவிட்டு, "பாய், தபியத் டீக் ஹை?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். பெட்டிகளுக்கு முன்னால் நின்று, "அன்புள்ள தந்தையே" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தபோது போன் அடித்தது. என் தம்பி குமார்.

"அண்ணே" என்றான். பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது.

"அம்மாவா?" என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியாது.

"அப்பாண்ணே. காலையில டீ குடிச்சுட்டு உக்காந்திருந்தாரு. அப்படியே சாஞ்சுட்டாரு."

என் கையில் மகளின் கடிதம் இருந்தது. அதை நான்காக மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

எங்கள் மேனேஜர் திருச்சூர்க்காரர், நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். என் பாஸ்போர்ட்டைத் தேடி நாலு பேருக்கு போன் செய்தார். கடைசியில் ரிசீவரை மெதுவாக வைத்தார். "விசா ஸ்டாம்பிங்குக்குப் போயிருக்கு கேட்டோ. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னே கிட்டாது" என்றார், தப்பு தன்னுடையது என்பது போல.

தம்பிக்கு போன் செய்தேன்.

"ஐஸ் பெட்டி சொல்லவாண்ணே? நாளைக்கு வந்துடுவியா? நீ மூத்தவன்ணே. எல்லாரும் கேக்குறாங்க."

நாலு மணி நேரம்தான். நினைத்தால் போய் நின்றுவிடலாம்.

"வர முடியாதுடா. நீயே கொள்ளி வை" என்றேன்.

சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் நான் நூற்றுப் பன்னிரண்டு கெப்பாசிட்டர்களை எண்ணி ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மேனேஜர் வீட்டுக்குப் போகச் சொன்னார். நான்தான் போகவில்லை. வீட்டில் போய் என்ன செய்வது?

வீட்டுக்குப் போனதும் செல்வி அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு கையைப் பிடித்து அழுதாள். கூடத்தில் நிவேதா வெள்ளைப் பஞ்சைத் தலையில் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதம் பெறுகிற வயதான தகப்பன் வேஷம் அவளுக்கு.

"பிள்ளைகிட்ட நாளைக்கு முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம். பத்து நாளா குதிச்சுக்கிட்டு இருக்கா. உங்களுக்குப் பதிலா நான் வேணா போறேன்" என்றாள் செல்வி.

"உனக்கு இங்கிலீஷ்?"

"உங்களுக்கு மட்டும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் நானே போவது என்று முடிவு செய்தேன். அப்பா இருந்தால் 'பிள்ளை ஆசைப்படுது, போடா' என்றுதான் சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (இறந்துபோனவர்கள் நமக்கு வசதியானதைத்தான் சொல்வார்கள். மறுத்துப் பேசவா போகிறார்கள்?) உண்மை என்னவென்றால், அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குப் பயமாக இருந்தது.

புதன்கிழமை, தீட்டு வீட்டுக்காரன் தாடி மாட்டிக்கொண்டு தொப்பியைக் கையில் பிடித்தபடி, செல்வியோடும் மகளோடும் டாக்ஸியில் போனேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக வந்தார்.

என் முறை எட்டாவது. எனக்கு முன் படித்தவர் ஒரு இஞ்சினியர். நிஜமான தோல் பூட்ஸ், நிஜமான ஆங்கிலம். அவர் இறங்கினார், நான் ஏறினேன். தொப்பி நழுவிக் கண்ணை மறைத்தது. கூட்டம் சிரித்தது. அதை ஏற்றிவிட்டேன், தாடி மூக்குக்கு ஏறியது. மறுபடி சிரிப்பு. சேஃப்டி ஷூ மரமேடையில் டங் டங் என்றது. இதுவரை எல்லாம் நல்லபடியாகவே போனது.

மேடையின் அந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் நிவேதா உட்கார்ந்திருந்தாள். தலையில் பஞ்சு முடி, மூக்கில் செல்வியின் பழைய கண்ணாடி, கையில் ஒரு கம்பு. நான் படிக்க ஆரம்பித்தேன். கப்பல், கவர்னர், மான் கறி. கரடி வந்தபோது நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்பில் நிவேதாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒத்திகையில் செய்யாத ஒன்றைச் செய்தாள். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி என்னைப் பார்த்தாள்.

அப்படியே என் அப்பா.

நான்கு விடுமுறைகளில் பார்த்ததை வைத்துச் செய்தாள் அவள். அந்தக் கழுத்துச் சாய்வு கூடத் தப்பவில்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் அடுத்த வரிக்குப் போனேன். அது கண் வைத்தியர் வரி. 'ஜூலையில் நான் வந்து உங்களைக் கூட்டிப் போகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.'

பாதியில் நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் ஆங்கிலம் வரவில்லை. நிவேதா காதிலிருந்து கையை எடுக்காமல், கண்ணால் 'சொல்லுங்க, சொல்லுங்க' என்றாள்.

"அப்பா" என்றேன், மைக்கில், தமிழில். "கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதாப்பா? நான்தான் வர்றேன்னு எழுதியிருந்தேனே..."

அதற்குமேல் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. செல்வி சொல்லித்தான் தெரியும். தம்பி கொள்ளி வைத்ததைச் சொன்னேனாம். லாரியைச் சொன்னேனாம். பாதி பேருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களும் குடியேறிக்கு ஊரில் தம்பி இருக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். கண்ணீரும் மற்றதும் சேர்ந்து தாடி நனைந்து கனத்துவிட்டது. இடது காதின் எலாஸ்டிக் பட்டென்று தெறித்தது. தாடி ஒரு பக்கமாக இறங்கி வலது காதில் தொங்கி ஆடியது. அதைத் துடைப்பதா மாட்டுவதா என்று தெரியாமல், கடைசியில் அந்தத் தாடியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். அப்புறம் வரிசை வரிசையாக எழுந்தார்கள். அந்த இஞ்சினியரும் எழுந்தார். முந்நூறு பேர் எழுந்து நின்று என் அப்பாவின் சாவுக்குக் கைதட்டினார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. தொப்பி போட்டவன் மேடையில் அழுதால் வேறு என்ன நினைப்பார்கள்?

சிறந்த நடிப்புக்கான கோப்பை எனக்கு. நடுவராக வந்திருந்த அம்மையார் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்கள் தியேட்டரில் இருந்தவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை மேடம், ஸ்டோரில்" என்றேன்.

அவர் அதற்கும் சிரித்தார்.

மேடையிலிருந்து இறங்கியபோதுதான் நிவேதாவைக் கவனித்தேன். அவள் கைதட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியும் என்பதை நான் மறந்தேபோயிருந்தேன்.

திரும்பும்போது டாக்ஸியில் மூவரும் பின்சீட்டில். கோப்பை அவள் மடியில். ரோலா சிக்னலில் வண்டி நின்றபோது கேட்டாள்.

"தாத்தா செத்துட்டாங்களா?"

"ஆமாம்மா."

"எப்போ?"

"நேத்து காலையில."

"நேத்து நான் பஞ்சு ஒட்டிக்கிட்டு தாத்தா மாதிரி நடந்து காட்டினேன். ரெண்டு பேரும் சிரிச்சீங்க. அப்ப தெரியுமா?"

செல்வி அவள் தலையைத் தடவப் போனாள். அவள் விலகிக்கொண்டாள். தலையில் இன்னும் பஞ்சு இருந்தது.

"தாத்தாவுக்கும் பொய்யா எழுதறீங்க. எங்கிட்டயும் சொல்லல. அவர் எனக்கும் தாத்தாதானே? இனிமே யாராவது செத்தா எங்கிட்டதான் முதல்ல சொல்லணும். வேற யாருக்கும் முன்னாடி."

"சரிம்மா" என்றேன்.

"ப்ராமிஸ்?"

ப்ராமிஸ் செய்தேன். சிக்னல் எப்போதோ பச்சையாகியிருந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எங்கள் டிரைவர் வண்டியை எடுக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கோவில்பட்டிக்காரர் என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்போர்ட் வந்தது. மேனேஜர் எப்படியோ மூவருக்கும் டிக்கெட் பிடித்துக் கொடுத்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். துணிமணியோடு நிவேதா கோப்பையையும் பெட்டியில் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அப்பாவின் படத்துக்கு முன்னால், வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தாள். சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். "என்னடா இது, எங்க வாங்குனது?" என்றாள் அம்மா.

நிவேதாவே நடித்துக் காட்டினாள். தொப்பி நழுவியது, ஷூ சத்தம், தாடி அறுந்தது, அதில் நான் மூக்கைத் துடைத்தது, ஒன்றையும் விடவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு இருந்த என் அத்தைமார்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். மொட்டைத்தலையோடு உட்கார்ந்திருந்த தம்பி குமாருக்குப் புரையேறிவிட்டது. அம்மா மட்டும் கடைசிவரை சிரிக்காமல் கேட்டாள்.

"மைக்குலயா பேசுனே?"

"ஆமாம்மா."

"பெரிய மைக்கா?"

"பெரிய ஹாலும்மா. நாலு பக்கமும் பெட்டி வச்சிருந்தாங்க."

"அப்ப கேட்டிருக்கும்" என்றாள் அம்மா. அப்புறம்தான் சிரித்தாள், புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு.

அன்று சாயங்காலம் தம்பி ஒன்று சொன்னான். கடைசி வாரத்தில் அப்பா தினமும் தபால்காரரை நிறுத்தி, 'துபாய் லெட்டர் வந்துச்சா?' என்று கேட்டாராம். (அவருக்குக் கடைசிவரை எல்லாம் துபாய்தான். ஷார்ஜாவை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.) அந்தக் கடிதம் அப்போது ஆறாம் வகுப்பு ஆங்கில நோட்டில் இருந்தது. இதை நான் நிவேதாவிடம் இதுவரை சொன்னதில்லை. தபாலில் போட மறந்தது நான், அவள் இல்லை. இதைப் படிக்கும்போது அவளுக்குத் தெரியவரும். திட்டட்டும்.

ஆனால் டாக்ஸியில் செய்த ப்ராமிஸை அவள் மறக்கவில்லை, எங்களையும் மறக்க விடவில்லை. அன்றிலிருந்து நான் எங்கிருந்து போன் செய்தாலும் அவள் ஹலோ சொல்வதில்லை. "யாரும் சாகலையே?" என்பாள். "இல்ல" என்பேன். அதன்பிறகுதான் பேச்சு. முதலில் அது கோபம். ஒரு வருஷத்தில் கோபம் போய்க் கேள்வி மட்டும் நின்றது. செல்வி கடையிலிருந்து உப்பு வாங்கவா என்று போன் செய்தாலும் இதே கேள்விதான். தம்பி வீட்டுக்கும் தொற்றிவிட்டது. நிவேதாவுக்குக் கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை ஒருநாள் அவள் போனை எடுத்துவிட்டார். நான் பழக்கதோஷத்தில், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "யாரும் சாகலம்மா" என்று சொல்லிவிட்டேன். மனிதர் மூன்று நாள் எங்கள் குடும்பத்தைப் பற்றி யோசித்தாராம்.

இப்போது அவள் வேறொரு தேசத்தில் இருக்கிறாள். நானும் செல்வியும் ஊரோடு வந்துவிட்டோம். அம்மா எங்களோடுதான் இருந்தாள். போன வருஷம், தம்பியும் வந்து தங்கியிருந்த ஒருநாள், விடிகாலையில் எழுந்து அம்மாவுக்கு வெந்நீர் கொண்டுபோனேன். கூப்பிட்டுப் பார்த்தேன். கையைத் தொட்டுப் பார்த்தேன். டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்று போனை எடுத்தேன். நிவேதாவுக்கு அங்கே சாயங்காலம்.

"சொல்லுங்கப்பா, யாரும் சாகலையே?" என்றாள், சிரித்துக்கொண்டே. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

நான் பேசவில்லை.

விசில் நின்றது. "யாருப்பா?"

"அப்பாயி."

மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம், "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"இன்னும் எந்திரிக்கல."

"சித்தப்பாகிட்ட?"

"பக்கத்து ரூம்லதான் தூங்குறான். உங்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

அவள் அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள்.

"போய் எழுப்புங்கப்பா" என்றாள்.